நிமிடத்துக்குப் பன்னிரண்டு மூச்சு

போன மாதம் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்த என் அக்காவைப் பார்க்கப் போனேன். ஓய்வு பெற்ற மயக்க மருந்து டாக்டர் என்பதால் உள்ளே விட்டார்கள். பக்கத்துக் கட்டிலின் கேஸ் ஷீட் திறந்து கிடந்தது. அடுத்தவர் கேஸ் ஷீட்டைப் படிக்கக் கூடாது என்று எனக்கும் தெரியும். படித்தேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த உங்களில் ஒருவர் எழுதியிருந்தார்: ‘நோயாளி வென்டிலேட்டரோடு சண்டை போடுகிறார். மயக்க மருந்தைக் கூட்டியிருக்கிறேன்.’

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டையாம். அந்த மனுஷனுக்கும் மெஷினுக்கும் பாகப்பிரிவினைத் தகராறா என்ன? எதற்காகச் சண்டை போடுகிறார் என்று பார்த்தாயா என்று அந்தப் பையனைக் கேட்டேன். “எல்லாரும் போடுவாங்க மேடம்” என்றான். குழாயில் சளி அடைத்திருந்தது. அதை உறிஞ்சி எடுத்ததும் அவர் அடங்கிவிட்டார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. ஆனால் வீட்டுக்கு வந்தும் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதில் பாதிதான் அந்தப் பையன் மேல். மீதி யார் மேல் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரிந்ததையே சொல்கிறேன். உடம்பு ஒவ்வொரு நிமிடமும் அமிலம் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. நடந்தாலும் அமிலம், சும்மா படுத்துக் கிடந்தாலும் அமிலம். ஆனாலும் நல்ல ஆரோக்கியத்தில் ரத்தத்தின் பிஎச் 7.35-க்குக் கீழே இறங்குவதில்லை, 7.45-க்கு மேலே ஏறுவதில்லை. அதைக் காப்பாற்ற மூன்று ஏற்பாடுகள். ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அமிலத்தை உடனே பிடித்துக்கொள்ளும். நுரையீரல் சில நிமிடங்களில் வேகம் பிடித்து, கார்பன் டை ஆக்சைடை ஊதி வெளியே தள்ளும். சிறுநீரகம் நிதானமாக, நாள்கணக்கில், மிச்சத்தைக் கழுவி அனுப்பும். பைகார்பனேட் தீர்ந்துபோய், சிறுநீரகம் வந்து சேர இன்னும் நாளாகும் என்ற நிலையில், ஆளைப் பிடித்து வைத்திருப்பது நுரையீரல் ஒன்றுதான். இதைப் பரீட்சையில் படம் போட்டு எழுதித்தான் நீங்கள் பாஸ் பண்ணியிருப்பீர்கள். நானும் அப்படித்தான் பாஸ் பண்ணினேன். எல்லாம் தெரிந்துதான் ஒரு பெண்ணைச் சாகவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். திருவனந்தபுரத்தில் ஒரு மருத்துவமனை. பெயர் வேண்டாம், இப்போது அந்தக் கட்டடமும் இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு என் பொறுப்பு. ஒருநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வேறு ஒரு நோயாளிக்காக கேஷுவாலிட்டிக்குப் போனேன். மூலையில் ஒரு பெஞ்சில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, பழுப்புக் காகிதப் பை ஒன்றை வாயில் பொத்திக்கொண்டு மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். பை உப்புவதும் ஒட்டுவதுமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஆள் அந்தப் பையைக் கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

பொன்மணி அவள் பெயர். போனக்காடு தேயிலை எஸ்டேட்டிலிருந்து வந்திருந்தாள். கூட நின்றது அவள் அப்பா முத்தையா. இரண்டு நாளாக வாந்தி, தாகம், இந்த மூச்சு. டியூட்டியில் இருந்த ஜூனியர் டாக்டர் ஓடிவந்து என்னிடம் விளக்கினான். “வீட்டில கல்யாண விஷயமா தகராறு மேடம். திருநெல்வேலிப் பக்கம் ஒரு மாப்பிள்ளை பார்த்திருக்காங்க. பொண்ணுக்கு இஷ்டமில்லை. இது ஹிஸ்டீரியாதான். அதான் பைக்குள்ள மூச்சு விடச் சொன்னேன்.”

எஸ்டேட்டிலிருந்து வந்த பொம்பளை மூச்சு வாங்கினால் அந்தக் காலத்தில் அது ஹிஸ்டீரியா. டவுனில் காரில் வந்து இறங்கிய பொம்பளை வாங்கினால் ஆஸ்துமா. இது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. எங்கள் கேஷுவாலிட்டியில் எல்லோருக்கும் மனப்பாடம்.

அருகில் போனதுமே அழுகின பழ வாடை அடித்தது. சிறுநீரைப் பரிசோதித்தோம். கண்ணாடிக் குழாயில் சூடுபண்ணியதும் செங்கல் நிறம், அவ்வளவு சர்க்கரை. இந்தப் பெண்ணுக்கு நீரிழிவு இருப்பது அதுவரை யாருக்கும் தெரியாது. உடம்பு சர்க்கரையை எரிக்க வழியில்லாமல் கொழுப்பை எரித்து, ரத்தம் முழுக்க அமிலமாகியிருந்தது. அதை வெளியே தள்ளத்தான் அவள் நிமிடத்துக்கு நாற்பது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். வெளியே போக வேண்டியதை அந்தக் காகிதப் பை அவளுக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது, முக்கால் மணி நேரமாக.

ஜூனியரை வாங்கு வாங்கென்று வாங்கினேன். நோயாளிகள், நர்சுகள், கூட்டுகிற அம்மா, எல்லோர் முன்னாலும். உனக்கு எம்பிபிஎஸ் கொடுத்தது யார் என்று கேட்டேன். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது. கெட்டிக்காரத்தனத்தைக் காட்டக் கிடைக்கும் சந்தர்ப்பத்தை நம் தொழிலில் யாரும் விடுவதில்லை.

உடனே மேலே கொண்டுபோனோம். சலைன் ஓடியது, இன்சுலின் ஓடியது. எல்லாம் சரியாகவே நடந்தது. பொன்மணி பேசிக்கொண்டுதான் இருந்தாள். தமிழ் தெரிந்த டாக்டர் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “மூச்சு முட்டல டாக்டரம்மா. அதுவா வருது. நிப்பாட்ட முடியல. கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றாள்.

அதுவா வருது, நிப்பாட்ட முடியல. நாம் மூன்று பக்கம் எழுதுவதை அவள் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டாள். நான் காதில் வாங்கவில்லை. அவள் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பயமாக இருந்தது. இப்படியே போனால் களைத்துவிடுவாள், அதற்குள் குழாய் போட்டு மெஷினில் மாட்டிவிடுவோம் என்று முடிவு செய்தேன். தமிழ்நாட்டு எல்லையில் பாறசாலைப் பக்கத்து நர்ஸ் ஒருவர் இருந்தார். “டாக்டரே, பொண்ணு பேசிட்டிருக்கே. டியூப் இப்பவே வேணுமா?” என்று கேட்டார். வேணும் என்றேன்.

தசைகளைத் தளர்த்தும் ஊசி போட்டேன். அந்த ஊசி போட்டால் ஆள் தானாக ஒரு மூச்சுகூட எடுக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அழகாகக் குழாய் போட்டேன். ஒரே முயற்சி. மெஷினை மாட்டினேன். என் கை தானாகப் போய் டயலைப் பன்னிரண்டில் வைத்தது.

ஏன் பன்னிரண்டு? ஆப்பரேஷன் தியேட்டரில் வளர்ந்த கை அது. குடல்வால் அறுக்க வந்தவருக்கும் பன்னிரண்டு, கர்ப்பப்பை எடுக்க வந்தவருக்கும் பன்னிரண்டு. எங்கள் டிபார்ட்மெண்டில் டயலைப் பார்க்காமலே பன்னிரண்டில் வைக்கத் தெரிந்தவர்தான் கைதேர்ந்தவர். நல்ல ஆரோக்கியமான ஆளை மயக்கத்தில் வைத்திருக்கச் சரியான எண் அது. நிமிடத்துக்கு நாற்பது மூச்சை நம்பி உயிர் வைத்திருந்தவளுக்கு அதைக் கொடுத்தேன்.

அறை அமைதியாகிவிட்டது. பொன்மணியின் நெஞ்சு சீராக, அழகாக ஏறி இறங்கியது. எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நிம்மதியை நன்றாக அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அது டாக்டருடைய நிம்மதி. நோயாளிக்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

கால் மணி நேரம் கழித்து ரத்த வாயுப் பரிசோதனைக்கு மாதிரி எடுத்து ஐஸில் வைத்து அனுப்பினோம். அந்த மெஷின் அடுத்த கட்டடத்தில் இருந்தது. ரிசல்ட் வர அரை மணி நேரம் ஆகும். அதற்குள் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முத்தையாவை உள்ளே விட்டார்கள்.

அவர் மகளைப் பார்த்தார். பிறகு மெஷினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தார் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

“டாக்டரம்மா, ஒண்ணு கேக்கலாமா?”

“என்ன?”

“மலையிலருந்து இங்க வார வரைக்கும் இம்புட்டு வேகமா மூச்சு விட்டுக்கிட்டு வந்தா. இப்ப மிசின் இம்புட்டு மெதுவா விடுதே. அவளுக்குப் பத்துமா?”

“இதான் நார்மல்” என்றேன்.

“நான் பாக்டரியில எல காய வைக்கிற ட்ரையர்ல நிக்கேன்மா. எல ஈரமா வந்தா காத்தடிக்கிற பேனக் கூட்டி விடுவோம். உள்ள இருக்க ஆவி போறதுக்குள்ள பேனக் கொறச்சிட்டா அம்புட்டும் கெட்டுப் போவும். அதான் கேட்டேன்.”

என் அப்பா வயது இல்லை, அண்ணன் வயது இருக்கும். கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் கேட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? நான் வளர்ந்த கரமனை அக்ரகாரத்தில் வேலைக்காரர்களிடம் பேசும் அதே குரலில் சொன்னேன்.

“இது தேயிலை ஃபாக்டரி இல்லே. தெரியாத விஷயத்துல பேசாதேள். வெளில போய் நில்லுங்கோ.”

அவர் தலையை ஆட்டிவிட்டு வெளியே போனார். அந்த வார்டில் அவர் பேசிய தமிழ் முழுசாகப் புரிந்த டாக்டர் நான் ஒருத்திதான். பாஷை புரிந்து என்ன பிரயோஜனம்?

ரிசல்ட் வந்தது. கார்பன் டை ஆக்சைடு நாற்பது. பாடப்புத்தகத்தில் போட்டிருக்கும் அதே நாற்பது, நார்மல். பிஎச் 6.7. குழாய் போடுவதற்கு முன்னால் எடுத்திருந்தால் அந்த நாற்பது பதினைந்தாக இருந்திருக்கும், பிஎச் ஏழுக்கு மேலே நின்றிருக்கும். பொன்மணி பாடுபட்டு இறக்கி வைத்திருந்ததை நான் கால் மணி நேரத்தில் நார்மலாக்கிவிட்டேன். ஜூனியர் காகிதப் பையால் செய்ததை நான் மின்சாரத்தால் செய்தேன். அவன் பையிலாவது அவள் தன் வேகத்துக்கு மூச்சுவிட்டாள்.

டயலை முப்பத்தைந்துக்குத் திருகினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றது. நெஞ்சை அழுத்தினோம், மருந்து கொடுத்தோம், பைகார்பனேட் கொடுத்தோம். முக்கால் மணி நேரம். அமிலத்தில் ஊறிய இதயம் எதற்கும் அசையவில்லை. வெளியே வெயில் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

முத்தையாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அழவில்லை. அப்படியே நின்று கேட்டார்.

“நேத்தே கூட்டிட்டுப் போவணும்னு அவ அம்மா சொன்னா. எல ஏத்தப் போன ஜீப்பு வரட்டும்னு நாந்தான் நிப்பாட்டினேன். நேத்தே கொண்டாந்திருந்தா பிழைச்சிருப்பாளா டாக்டரம்மா?”

இங்கேதான் நீங்கள் நிறுத்திப் படிக்க வேண்டும். டயலைத் தப்பாக வைத்தது ஒரு தப்பு. அதற்கு அறியாமை, அவசரம், கைப்பழக்கம் என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம். இதற்கு ஒரு சாக்கும் கிடையாது.

“பிழைச்சிருப்பா” என்றேன். “ரொம்ப லேட் ஆக்கிட்டேள்.”

கேஸ் ஷீட்டிலும் அதையே எழுதினேன். ‘மிகவும் தாமதமாகக் கொண்டுவரப்பட்டார்.’ அந்த வாக்கியத்தை எத்தனை கேஸ் ஷீட்டில் பார்த்திருக்கிறீர்கள்? எத்தனையில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்? அடுத்த வாரம் மரணங்களைப் பற்றிய கூட்டம் நடந்தது. “எஸ்டேட் ஆட்கள் எப்போதும் இப்படித்தான், லேட்டாகத்தான் வருவார்கள்” என்றார் தலைமை டாக்டர். எல்லோரும் தலையாட்டினோம். டீ வந்தது. குடித்தோம். காகிதப் பைக்காக ஜூனியருக்கு மெமோ கொடுத்தார்கள். அவன் தலைகுனிந்து வாங்கிக்கொண்டான். மெஷினில் எவ்வளவு வைத்திருந்தீர்கள் என்று என்னை ஒருவரும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

ஏழு வருஷம் அப்படியே ஓடியது. நான் பதவி உயர்ந்தேன். அந்தக் கட்டத்தில் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவர் வந்தார். அதே மூச்சு. நினைவு தப்பிக்கொண்டிருந்ததால் குழாய் போட்டே ஆக வேண்டியிருந்தது. போடுவதற்கு முன் அவர் மூச்சை ஒரு முழு நிமிடம் கடிகாரம் பார்த்து எண்ணினேன். முப்பத்தாறு. மெஷினிலும் அதற்குக் குறையாமல் வைத்தேன். அவர் பிழைத்தார். ஜூனியர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். அவ்வளவு வேகம் வைக்கணும்னு எப்படி மேடம் தோணித்து என்று கேட்டார்கள்.

“அனுபவம்” என்றேன்.

சொன்ன வாயைக் கழுவ வேண்டும் போல் இருந்தது. என்ன அனுபவம்? ட்ரையரில் நின்ற ஒரு மனுஷன் கையைக் கட்டிக்கொண்டு சொன்னதைத் திருடி, அதற்கு என் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் தலையில் ஒரு சாவைக் கட்டி மலைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விதுரா பஸ் ஏறினேன். அங்கிருந்து போனக்காட்டுக்கு இன்னொரு பஸ்.

தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளில் விசாரித்ததும் காட்டினார்கள். முத்தையா வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. என்னை உடனே தெரிந்துகொண்டார். கோடாலியைக் கீழே வைத்துவிட்டு, உட்காருவதற்கு ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். நான் உட்காரவில்லை. பஸ்ஸில் மூன்று மணி நேரம் ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் ஒன்றும் வரவில்லை.

“அன்னிக்கு நீங்க கேட்டது சரி. மெஷின் பத்தலை. நான்தான் தப்பா வெச்சேன். லேட் ஆனதால அவ சாகலை. நான் உங்ககிட்ட பொய் சொன்னேன்” என்றேன்.

திட்டுவார், அடிக்கக்கூட வருவார் என்று நினைத்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கிட்டச் சொல்லாதீங்க” என்றார். “அவ அம்மா உள்ள இருக்கா. அவகிட்டப் போயிச் சொல்லுங்க. பிள்ளய அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு எங்கூடப் பேச்ச நிப்பாட்டினவ. சோறு வெப்பா, தண்ணி வெப்பா. ஒரு வார்த்த கெடையாது. ஏழு வருசம் ஆச்சு.”

உள்ளே போனேன். பொன்மணியின் அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, முதலிலிருந்து சொன்னேன். காகிதப் பை, குழாய், பன்னிரண்டு, அவள் புருஷன் கேட்ட கேள்வி, நான் விரட்டியது, நான் எழுதியது. ஒன்றையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்திருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள். முத்தையா நிலைப்படியில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

நான் முடித்தேன். அவள் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள்.

“மிசின் பத்துமான்னு நீ அன்னைக்கே கேட்டியா?”

“கேட்டேன்.”

“இத ஏன் எங்கிட்ட ஒரு நாளும் சொல்லல?”

அவர் நிலைப்படியிலேயே உட்கார்ந்தார்.

“படிச்ச டாக்டரு, நம்ம பாஷ பேசுறவங்க, எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொன்னாங்க” என்றார். “நானும் அப்பிடித்தான்னு நெனச்சிட்டேன்.”